புரட்டிப் போட்ட விரிப்பு

அத்தியாயம் ஆறு

"இந்தப் பறவைக்கு ஒரு கால்தான் இருக்கு" என்றான் சிக்ஸ்டன். "இன்னொரு காலுக்கு நூல் பத்தலையா?"

ஈஸ்டாட் ஏலக்கூடத்தின் மேலாளர் அஸ்மண்ட் சிரிக்கவில்லை. புகைப்படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

படத்தில் ஓர் இளம்பெண் தரையில் கால்களை மடக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே ஒரு கைத்தறி விரிப்பு. ஜமுக்காளம் போலத் தட்டையாக நெய்தது. வெளுத்த நீலத்திலும் பழுப்பு மஞ்சளிலும் கட்டம் கட்டமாக இருந்தது. அதன் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு ஒற்றைக்கால் பறவை வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. படத்தின் மேல் ஓரத்தில் ஏதோ ஓர் அலமாரியின் செதுக்கிய கால், விரிப்பின் நுனியை மிதித்துக்கொண்டு தெரிந்தது.

"இது விற்பனைக்கா?" என்று அஸ்மண்ட் ஆசையோடு கேட்டார்.

"விரிப்பு இல்லை. அதுல உட்கார்ந்திருக்கிற பொண்ணு வேணும்" என்றாள் டாக்னி ஹால்கிரேன்.

டாக்னி சுங்கத்துறையில் பல வருஷம் இருந்துவிட்டு மால்மோவில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். சிக்ஸ்டன் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், அவள் கேட்காமலே அபிப்பிராயம் சொல்பவன், எல்லாம் அவன்தான். கிண்டலுக்காக அவளை 'முதலாளி' என்பான். அவளும் அதைத் திருத்தியதில்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் மோர்டன் ஆஸ்க் என்பவர் அந்தப் படத்தோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார். படத்தில் இருப்பவள் தன் தங்கை தீரா என்றார். தாய் தகப்பன் போய்விட்டார்கள், தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உலகத்தில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்றார். எவளோ ஒருத்தியின் வீட்டில் வாடகைக்கு இருக்கப் போனவள், ஈஸ்டருக்கு இந்தப் படத்தை அனுப்பினாளாம். அதோடு சரி. கைபேசி எடுக்கவில்லை. மக்கள் பதிவேட்டில்கூட முகவரி இல்லை. "அந்தப் பொம்பளை அவளை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கா, எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். சிக்ஸ்டன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். நல்ல கைக்குட்டை அது, இன்னும் திரும்பி வரவில்லை.

அஸ்மண்ட் நிமிர்ந்தார். "புரூனெல் குடும்பத்துத் தறி. சீவிக் பக்கம். ஒற்றைக்கால் பறவையை அவங்களைத் தவிர வேற யாரும் போடலை. ஐம்பதுகள்ல நெய்தது. எல்லாத்தையும் வித்துட்டாங்க, ஒண்ணே ஒண்ணு மகள் ஹில்லெவிகிட்ட இருக்கு. நான் கேட்டுப் போனப்ப என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்தினா."

"காரணம் இருந்திருக்கும்" என்றான் சிக்ஸ்டன்.

"இதோட அருமை தெரியுமா உங்களுக்கு? முடிச்சு கிடையாது, பிசிறு கிடையாது. ரெண்டு பக்கமும் ஒண்ணு. எந்தப் பக்கம் போட்டாலும் அதுதான் நல்ல பக்கம்."

"என் மாமியாருக்கு நேர் எதிர்" என்றான் சிக்ஸ்டன்.

வெளியே மோர்டன் தன் காரில் காத்திருந்தார். விலாசம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்னி கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: சந்து முனையிலேயே காரை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும், கூப்பிட்டால்தான் வர வேண்டும்.

"அவளைப் பார்த்தா மட்டும் போதும் எனக்கு" என்றார் மோர்டன்.

*

வீடு கடலுக்குச் சற்றுத் தள்ளி, ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே இருந்தது. வெள்ளையடித்த, நீளமான, தாழ்ந்த வீடு. உள்ளே போகக் குனிய வேண்டும் என்று டாக்னி சொல்லி முடிப்பதற்குள் சிக்ஸ்டனின் நெற்றி நிலைச்சட்டத்தில் இடித்துவிட்டது.

கதவைத் திறந்த ஹில்லெவி புரூனெலுக்கு அறுபது வயது இருக்கும். கப்பலில் சமையல்காரியாக இருந்தவள் என்று அஸ்மண்ட் சொல்லியிருந்தார்; தோள்களைப் பார்த்தால் நங்கூரத்தையே தூக்கியவள் மாதிரி இருந்தாள்.

"தீராவா? அப்படி யாரும் இங்க இல்லை."

"இந்தப் படம் உங்க வீட்டுல எடுத்தது" என்றாள் டாக்னி.

ஹில்லெவி படத்தைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. "இருந்தா. போயிட்டா. டென்மார்க்குன்னு சொன்னா."

"கொஞ்சம் உள்ள உட்காரலாமா?"

அதற்கு இல்லை என்று சொல்ல ஒரு கணம் வாயெடுத்தாள். பிறகு சந்து முனையில் நிற்கும் காரை எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து உள்ளே இருப்பவர் தெரியவில்லை. "காப்பி போடறேன். குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கூடத்தின் நடுவில் விரிப்பு கிடந்தது. சிக்ஸ்டன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"முதலாளி, படத்துல வெளுத்துப்போய்க் கிடந்துச்சு. இது நேத்துத்தான் தறியிலிருந்து இறங்கின மாதிரி இருக்கே. வேற விரிப்பா?"

"பறவையைப் பாரு."

"ஒரு கால்தான். அதே நொண்டிதான்."

"எந்தப் பக்கம் பார்க்குது?"

சிக்ஸ்டன் படத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். படத்துப் பறவை வலப்பக்கம் பார்த்தது. தரையில் இருந்தது இடப்பக்கம்.

"சுத்திப் போட்டிருப்பாங்க."

"சுத்திப் போட்டா தலைகீழா நிக்கும். இது நேரா நிக்குது, முகம் மட்டும் மாறியிருக்கு. அப்படின்னா புரட்டிப் போட்டிருக்காங்க. இத்தனை வருஷம் கீழே இருந்த பக்கம் மேலே வந்திருக்கு. அதான் புதுசாத் தெரியுது." டாக்னி மண்டியிட்டாள். "உன் கைக்கடிகாரத்தைக் கழட்டு."

"ஏன், நேரம் சரியில்லையா?"

"கழட்டுப்பா."

கழட்டினான். ஆகஸ்ட் வெயிலில் சிவந்திருந்த மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த பட்டை ஒன்று தெரிந்தது.

"உன் தோல் வெயில்ல கறுக்குது, நூல் வெயில்ல வெளுக்குது. ஆனா மூடியிருந்த இடம் மட்டும் தப்பிச்சுக்கும். இப்ப இதைப் பாரு." விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினாள்.

அடிப்பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. ஒரு நுனியில் மட்டும், மேசை அகலத்துக்கு, ஒரு நீள்சதுரம் பளிச்சென்று கடல் நீலத்தில் மின்னியது.

"அலமாரி!" என்றான் சிக்ஸ்டன். படத்தின் ஓரத்தில் தெரிந்த செதுக்கிய கால் அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. "ரொம்ப வருஷம் அலமாரி இங்கதான் நின்னிருக்கு. அதை நகர்த்தியிருக்காங்க. நகர்த்தினது தெரியக் கூடாதுன்னுதான் விரிப்பைப் புரட்டியிருக்காங்க."

"நகர்த்தினது எங்கேன்னு கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆளுயரத்துக்கு மேல் உயரமான, நீலச்சாயம் பூசிய அலமாரி எதிர்ச் சுவரை ஒட்டி நின்றது. சிக்ஸ்டன் கன்னத்தைச் சுவரில் வைத்து அதன் பின்னால் ஒரு கண்ணால் பார்த்தான். மரச்சட்டம் ஒன்று தெரிந்தது, அதில் ஒரு கீல்.

"கதவு இருக்கு முதலாளி. அந்தாள் சொன்னது அப்படியே சரி. உள்ள அடைச்சு வெச்சிருக்கா படுபாவி!"

சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலமாரியில் தோளைக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் துப்பறிந்து ஒரு கதவைத் திறக்கப்போவது இதுதான் முதல் தடவை. நெஞ்சு விம்மியது.

"தள்ளாதே" என்றாள் டாக்னி.

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிறுத்தியது. அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள். அலமாரியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு காலுக்கு அடியிலும் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. சத்தமில்லாமல் வழுக்குவதற்கு. அடைத்து வைக்கிறவளுக்குச் சத்தத்தைப் பற்றி என்ன கவலை என்று சிக்ஸ்டன் யோசித்து முடிப்பதற்குள், டாக்னி பின்பக்கத்துக் காலைச் சுட்டினாள். அதில் கெட்டியான நெசவு நாடா ஒன்று சுற்றியிருந்தது. நாடாவின் மறுமுனை அந்தக் கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

அலமாரியை இழுத்து மூடியது வெளியிலிருந்து இல்லை. உள்ளேயிருந்து.

நாடா விறைப்பாக இருந்தது. யாரோ அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிடித்திருந்த கைகளின் நடுக்கம் நாடாவிலும் இருந்தது.

சிக்ஸ்டன் தோளை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"அவ இங்க யார்கிட்டயிருந்து ஒளிஞ்சிருக்கா?" என்று கிசுகிசுத்தான்.

டாக்னியின் முகம் வெளுத்திருந்தது. "பதிவேட்டுல முகவரி இல்லைன்னு சொன்னானே" என்றாள், தனக்குத் தானே சொல்வது போல. "இந்த நாட்டுல ஒரு போன் போட்டா யார் முகவரியும் கிடைக்கும். கிடைக்கலைன்னா அரசாங்கமே மறைச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். எதுக்கு மறைப்பாங்க? அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும் சிக்ஸ்டன். அன்னிக்கே."

"கிடைச்சுட்டாளா?"

குரல் வாசலிலிருந்து வந்தது. மோர்டன் நிலைச்சட்டத்துக்குக் குனிந்து, ஒரு கையை மேல் உத்தரத்தில் ஊன்றியபடி நின்றார். கூப்பிடாமலே வந்துவிட்டிருந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. முகத்தில் அதே கனிவான, அழப்போகும் சிரிப்பு.

சிக்ஸ்டன் அந்த உத்தரத்தில் இருந்த கையைப் பார்த்தான். வெயிலில் நன்றாகக் கறுத்த கை. மோதிர விரலின் அடியில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம்.

கல்யாணமே ஆகாத அண்ணன்.

இவனுக்கு வழி காட்டியவர்கள் நாம்தான் என்பது சிக்ஸ்டனுக்கு உறைத்தது.

டாக்னி விரிப்பின் ஓரத்தைக் கீழே விட்டாள், பளிச்சென்ற அந்தச் சதுரம் மறைந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"இல்லை மோர்டன். நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். விரிப்பைத் துவைச்சுப் புரட்டிப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். உங்க தங்கச்சி வசந்த காலத்துலயே டென்மார்க் போயிட்டாளாம்."

"அலமாரிக்குப் பின்னால என்ன?"

"சுவரு."

"அப்ப அதை ஏன் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"நான் பார்க்கச் சொன்னேன்" என்றான் சிக்ஸ்டன். குரல் கீச்சென்று வந்தது. "பழைய அலமாரின்னா எனக்குப் பைத்தியம். ஏலக்கூடத்துக்காரர்கிட்ட தள்ளிவிடலாமான்னு..."

மோர்டன் உள்ளே வந்தார். விரிப்பின் மேல் நடந்து வந்து அலமாரியின் முன் நின்றார். உள்ளங்கையை அதன் கதவில் வைத்தார், ஒரு குதிரையின் கழுத்தைத் தட்டுவது போல. சிக்ஸ்டனுக்கு அந்த நாடாவைப் பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்க்காமல் இருக்க வேறெங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து ஹில்லெவி வந்தாள். கையில் காப்பித் தட்டு. மோர்டனைப் பார்த்ததும் தட்டில் கோப்பைகள் ஒருமுறை கிணுங்கின, அவ்வளவுதான்.

"செருப்பைக் கழட்டாம என் விரிப்புல நிக்கிறது யாரு?" என்றாள்.

மோர்டன் கீழே பார்த்தார். பணிவாக ஒரு அடி பின்வாங்கினார். "மன்னிச்சுக்கங்க. அழகான விரிப்பு." அலமாரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு டாக்னியின் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். அவள் பிடித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

"நீங்க உங்க வேலையைச் செஞ்சிட்டீங்க. வீடு தெரிஞ்சாச்சு. அது போதும் எனக்கு."

போய்விட்டார். கார் கிளம்பும் சத்தத்துக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. சிக்ஸ்டன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். சந்து முனையில், அந்த வீட்டிலிருந்து சாலைக்குப் போகும் ஒரே வழியில், மோர்டன் காரின் முன்பக்கம் சாய்ந்துகொண்டு வீட்டையே பார்த்தபடி நின்றார்.

டாக்னி காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். அவள் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். கைபேசியை வைத்துவிட்டு, "தீரா பக்கம் புருஷன் வரக்கூடாதுன்னு போட்டிருந்த தடை போன மாசமே முடிஞ்சு போச்சாம். மறுபடி மனு போடணும். ரோட்டுல நிக்கிறது குத்தம் இல்லைன்னு சொல்றாங்க. வண்டி அனுப்பறாங்களாம், ஆனா பக்கத்துல எதுவும் இல்லையாம்" என்றாள்.

அப்போது அலமாரி நகர்ந்தது. உண்மையிலேயே ஒரு சத்தமும் இல்லை.

வெளியே வந்தவள் படத்தில் இருந்தவள்தான், ஆனால் அந்தச் சிரிப்பு இல்லாமல். தோளில் ஏற்கெனவே ஒரு பை மாட்டியிருந்தாள். நாடாவைப் பிடித்திருந்த விரல்கள் கன்றிப்போயிருந்தன.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்னியைக் கேட்டாள். அதில் கோபம் இல்லை. அடுத்த தடவை அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகக் கேட்டதுபோல இருந்தது.

"விரிப்பை வெச்சு" என்றாள் டாக்னி. "மூலையில பறவை இருக்கே."

தீரா விரிப்பைப் பார்த்தாள். "சிநேகிதி ஒருத்தி எடுத்த படம். அவ அதை இணையத்துல போட்டுட்டா. என் முகத்தை மட்டும்தான் யாராவது கவனிப்பாங்கன்னு நினைச்சேன். உடனே எடுக்கச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் நானும் ஹில்லெவியும் கூடத்தை மாத்திப் போட்டோம்." சற்று நின்றாள். "அந்தப் பறவை அழகா இருந்துச்சு. அது பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டாதான் படம் எடுத்துக்குவேன்னு நான்தான் அடம் பிடிச்சேன்."

ஹில்லெவி தட்டிலிருந்த ஏலக்காய் பன்களை ஒவ்வொன்றாக ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க வண்டியில ஏறுங்க" என்றாள் டாக்னி. "எங்க வேணும்னாலும் கொண்டுபோய் விடறேன். ஸ்டாக்ஹோம், நார்வே, எங்க வேணும்னாலும்."

"நீங்க கொண்டுபோய் விட்டா நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"இன்னிக்குக் காலையில சொல்லியிருப்பீங்களே."

சுங்கச் சோதனையில் எத்தனையோ கடத்தல்காரர்களை வார்த்தையால் மடக்கியவள் அப்படித் தலைகுனிந்து சிக்ஸ்டன் பார்த்ததில்லை.

"அப்ப நாங்க என்னதான் செய்யறது?" என்று அவன் கேட்டான்.

"பின்பக்கம் தோப்பு இருக்கு. அவன் நிக்கிற இடத்துலயிருந்து தோப்பு வேலி தெரியும். கொஞ்ச நேரம் அவன் இந்தப் பக்கம் பார்க்காம இருந்தாப் போதும்." டாக்னியை நேராகப் பார்த்தாள். "நீங்களும்தான்."

*

சிக்ஸ்டன் சந்து முனைக்கு நடந்தான். மோர்டனைத் தாண்டிப் போய், சாலைப் பக்கமாக நின்றுகொண்டான். பேச வேண்டுமானால் அந்த ஆள் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

"கைக்குட்டை" என்றான்.

"என்ன?"

"என் கைக்குட்டை உங்ககிட்ட இருக்கு. மனைவி தைச்சுக் கொடுத்தது. அது இல்லாம வீட்டுக்குப் போனா என்னைத் தனியாத் தேட ஆள் வெக்க வேண்டியிருக்கும்."

மோர்டன் சிரித்தார். கார்க்கதவைத் திறந்து தேடினார். சிக்ஸ்டன் பேச ஆரம்பித்தான். டாக்ஸி ஓட்டிய காலத்தில் பின்சீட்டில் உயிருள்ள வாத்தை மறந்துவிட்டுப் போன பாதிரியார் கதை, வழி தெரியாமல் படகில் ஏற்றிய கல்யாண மாப்பிள்ளை கதை, தெரிந்த எல்லாக் கதையும். மோர்டன் கவனமாகக் கேட்டார். சரியான இடத்தில் சிரித்தார். கைக்குட்டையை அழகாக நாலாக மடித்து நீட்டினார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகி எவ்வளவு வருஷம்?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாச்சு."

"அவங்க இல்லாம ஒரு நாள் இருந்து பாருங்க. அப்பத் தெரியும்." கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் சிக்ஸ்டனை அதிகமாகப் பயமுறுத்தியது. "நான் அவளை விடமாட்டேன். அவ்வளவு பிரியம் எனக்கு."

தோப்பின் பக்கம் ஏதோ அசைந்ததா இல்லையா என்று அவன் பார்க்கவில்லை. மோர்டனின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு அடுத்த கதையை ஆரம்பித்தான்.

டாக்னி வந்தபோது அவனிடம் கதையே மிச்சமில்லை. "கிளம்பலாம்" என்றாள். இருவரும் வண்டியில் ஏறிச் சாலையில் திரும்பினார்கள்.

"எந்தப் பக்கம் போனா?" என்று சிக்ஸ்டன் கேட்டான்.

"சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"அவளுக்கு யாராவது இருக்காங்களா? தங்க இடம்?"

"தெரியாது. கேட்கலை."

கொஞ்ச தூரம் போனதும் டாக்னி பின்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். மோர்டனின் கார் சந்தை விட்டு வெளியே வந்திருந்தது. அவர்களைத் தொடரவில்லை. சாலை முக்கில் நின்று யோசித்துவிட்டு, கடற்கரைக் கிராமங்கள் இருக்கும் திசையில் திரும்பியது. எதையாவது பார்த்துவிட்டானா, அல்லது சும்மா ஒரு பக்கம் திரும்பினானா, சொல்ல வழியில்லை.

"திருப்பு" என்றாள் டாக்னி.

சிக்ஸ்டன் ஏற்கெனவே திருப்பிக்கொண்டிருந்தான். தீராவை இனி அவர்கள் தேட முடியாது. தேடினால் அவளுக்குத்தான் ஆபத்து. ஆனால் மோர்டனுடைய காரின் பின்னால் போகலாம். போலீஸ் வண்டி எங்கேயோ வந்துகொண்டிருக்கலாம், வராமலும் இருக்கலாம். முன்னால் போன கார் ஒரு கிராமத்தில் நின்றது, இவர்களும் நின்றார்கள். அது பேருந்து நிறுத்தத்தின் பக்கம் மெதுவாக ஊர்ந்தது, இவர்களும் ஊர்ந்தார்கள். அவன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தான், கையைக்கூட ஆட்டினான்.

"எதுவரைக்கும் முதலாளி?"

"அவன் பெட்ரோல் தீருற வரைக்கும்."

சிக்ஸ்டன் முள்ளைப் பார்த்தான்.

"நம்மகிட்ட பாதி டேங்க்தான் இருக்கு" என்றான்.